மாடத்தில் ஒரு மஞ்சள் கவுன்

"பிள்ள வீட்டுல எப்படி இருக்கோ அப்படியே சபைக்குக் கூட்டிட்டு வாங்கம்மா. ஜோடிச்சுட்டு வராதீங்க" என்று எதிர்க்கட்சி உறுப்பினர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

இஸ்திரிக்காரிக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. ஊரார் சட்டையில் ஒரு மடிப்புக் கலையவிடாதவள், பெற்ற மகளைக் கந்தலோடு நாலு பேர் முன்னால் நிறுத்துவாளா? புருஷன் விட்டுப் போன நாளிலிருந்து, பிள்ளையை நன்றாக வளர்க்கிறாள் என்று யாராவது ஒரு வாய் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருப்பவள் அவள். லாண்டரியில் தேய்த்து வைத்திருந்த, யார் வீட்டுப் பிள்ளையுடையதோ ஒரு மஞ்சள் கவுனை, முதலாளிக்குத் தெரியாமல் பைக்குள் போட்டுக்கொண்டாள். தெரிந்தால் வேலைக்கு அன்றோடு முழுக்குதான்.

பள்ளிக்கூடங்களில் போடும் மதியச் சாப்பாட்டுக்கான நிதியை நிறுத்தலாமா என்பதுதான் அன்று அவையில் பேச்சு. அவள் மகளுக்கு வயிறு நிறைவதே அந்த ஒரு வேளைதான். ராத்திரிக்கு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்க வேண்டும்.

பார்வையாளர் மாடத்தில் காவலர் விதிகளை ஒப்பித்தார். எழுந்திருக்கக் கூடாது, கைதட்டக் கூடாது, மூச்சுக் காட்டக் கூடாது. கீழே நாட்டை ஆளுகிற மகராசர்களில் பாதிப் பேர் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

உறுப்பினர் தொண்டை கிழியப் பேசினார். "அந்தச் சோத்த நிறுத்தினா இந்தக் குழந்தை பட்டினிங்க! மேல பாருங்க!" என்று கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவரே பார்த்தார். திறந்த வாய் திறந்தபடி நின்றது.

அவை மொத்தமும் நிமிர்ந்தது. வீட்டில் 'வாலு' என்று பெயரெடுத்த மகள், மஞ்சள் கவுனும் ரிப்பனுமாக, கீழே எல்லாருக்கும் கையசைத்தாள்.

அமைச்சர் எழுந்தார். "அவைத் தலைவரே, நானும் பார்த்தேன். என் பேத்திகிட்ட கூட இப்படி ஒரு கவுன் கிடையாது. பட்டினின்னா இதுதான்னா, எல்லா வீட்டுப் பிள்ளையும் பட்டினி கிடக்கட்டுமே!"

மேசைகள் அதிர்ந்தன. சிரித்துச் சிரித்துச் சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 'ஐயோ, அது இரவல்' என்ற வார்த்தை இஸ்திரிக்காரியின் தொண்டை வரை வந்தது. காவலர் உதட்டில் விரல் வைத்து முறைத்தார். சொன்னால்தான் என்ன ஆகும்? ஊரறியத் திருடி என்ற பட்டமும் சேரும். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். கீழே நிதியை நிறுத்தும் தீர்மானத்துக்கு "ஆம், ஆம்" என்ற குரல்கள் எழுந்தன. சாப்பாடு போயே போய்விட்டது.

நடைக்கூடத்தில் உறுப்பினர் எதிர்ப்பட்டார். "தலைதலையா அடிச்சுக்கிட்டேனேம்மா! குடியக் கெடுத்துட்டீங்களே" என்று எரிந்து விழுந்துவிட்டு நிற்காமல் போனார்.

அவர் பின்னாலேயே அமைச்சர், படம் பிடிப்பவர்கள் புடைசூழ வந்தார். குனிந்து வாலுவின் கன்னத்தைக் கிள்ளினார். "பிள்ளைய ராணி மாதிரி வச்சிருக்கீங்கம்மா" என்றார்.

இத்தனை வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை. பாவி, அதற்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நன்றிங்க" என்றாள். அதையும் படம் பிடித்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் மகளைச் சுவரோரம் நிறுத்திக் கவுனைக் கழற்றிப் பழைய சட்டையை மாட்டிவிட்டாள்.

"அந்தத் தாத்தா ரொம்ப நல்லவரும்மா" என்றது வாலு. "நாளைக்கு ஸ்கூல்ல, சாப்பிடும்போது, எல்லார்கிட்டயும் சொல்லட்டுமா?"

அவள் கவுனில் எங்கேயாவது கறை பட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.