கண்ணை வெள்ளையாக்கியவன்

போட்டோக் கடைக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளை ஒழுங்காகப் பார்க்கமாட்டார்கள். ஆள் கம்ப்யூட்டருக்குள் போன பிறகுதான் பார்ப்பார்கள். சொந்த அக்காவாக இருந்தாலும் அப்படித்தான்.

அவனும் ஒரு போட்டோக் கடைக்காரன். அவன் அக்கா பஸ் ஓட்டுகிறாள். லைசென்ஸைப் புதுப்பிக்கப் படம் வேண்டுமென்று, ஷிப்ட் முடிந்த கையோடு தம்பி கடைக்கு வந்து, வெள்ளைச் சீருடையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நல்லா எடுடா. பழைய படத்துல திருடி மாதிரி இருக்கேன்."

"இருக்கிற மூஞ்சிதானே வரும்?"

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல. முன்னைக்கு இப்ப இளைச்சிருக்கேன்ல?"

இளைத்துத்தான் இருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. ஆனால் வயிறு மட்டும் ஸ்டியரிங்கில் இடிக்கிறதாம். ரெண்டு வாய் சாப்பிட்டாலே நெஞ்சு வரைக்கும் அடைத்துக்கொள்கிறதாம். வலது தோள்வலிக்கு வண்டியைத் திட்டினாள், உடம்பு அரிப்புக்குச் சீருடைத் துணியைத் திட்டினாள். அவள் யாரையாவது திட்டிக்கொண்டிருந்தால் சௌக்கியமாக இருக்கிறாள் என்று அந்த வீட்டில் ஒரு கணக்கு. மடத்தனமான கணக்கு.

நாலு படம் எடுத்தான். அக்கா முகம் கழுவப் போனாள். திரையில் அவள் முகம் மஞ்சளடித்துக் கிடந்தது. பழைய விளக்கு, அதன் வேலைதான் என்று நினைத்து, மஞ்சளைக் குறைத்தான். அது யோசித்துச் செய்கிற காரியமில்லை, கை தன்பாட்டுக்குச் செய்வது. முகம் சரியாயிற்று. ஆனால் வெள்ளைச் சட்டையில் நீலம் ஏறிவிட்டது. பின்னால் தொங்கிய வெள்ளைத் துணியிலும் நீலம்.

பழையபடி மாற்றி வைத்தான். சட்டை வெள்ளை. துணி வெள்ளை. அக்காவின் முகமும் கண்ணும் மட்டும் மஞ்சள்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விளக்குதான் காரணம் என்றால் சட்டையையும் சேர்த்தல்லவா மஞ்சளாக்கியிருக்கும்? ஒருத்தி முகத்தையும் கண்ணையும் மட்டும் தேடிப் பிடித்து மஞ்சள் பூசுகிற விளக்கை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

"அக்கா, இங்க வா. இப்படி ஜன்னல் பக்கம் நில்லு."

கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தான். படம் பொய் சொல்லவில்லை.

"யூரின் என்ன கலர்ல போகுது?"

"அக்காகிட்ட கேக்கிற கேள்வியாடா இது?"

"சொல்லுக்கா."

"டீத்தண்ணி மாதிரி. வண்டில ஏறினா தண்ணி குடிக்க எங்க நேரம் இருக்கு, அதான்..." என்றவள் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்து, நீர் கோத்திருக்கிறது என்றார். வலது விலாவுக்குக் கீழே அழுத்தியதும் அக்கா "அம்மா" என்று கத்திவிட்டாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"கல்லீரல்ல பெரிய கட்டி இருக்கு. பாத்தா புற்றுநோய் மாதிரிதான் தெரியுது. இன்னும் ஒரு டெஸ்ட் பண்ணி உறுதிப்படுத்தணும். எவ்வளவு நாளா இருக்குன்னு தெரிஞ்சா நல்லது. கண்ணு எப்போலேர்ந்து மஞ்சளா இருக்கு?"

 அக்கா விடவில்லை. "இப்பத்தான் டாக்டர். மூணு மாசம் முன்னாடி குடும்பத்தோட படம் எடுத்தோம். இவன்தான் எடுத்தான். பாருங்க, கண்ணு பளிச்சுனு இருக்கு" என்று போனை நீட்டினாள்.

டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தம்பியும் எட்டிப் பார்த்தான்.  அந்தப் படத்தில் பதினோரு பேர். மற்றவர்கள் கண்ணை அவன் தொடவே இல்லை. அக்காவின் கண்ணை மட்டும், தூங்காத களைப்பு என்று நினைத்து, கால் மணி நேரம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெளுத்திருந்தான்.

"அப்ப மூணு மாசத்துக்குள்ளதான்" என்று டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"எழுதாதீங்க டாக்டர்." அவன் பேனாவுக்குக் குறுக்கே கையை நீட்டினான். "அப்பவே மஞ்சள்தான். நான்தான் வெள்ளையாக்கினேன்."

 அக்கா போனைத் திருப்பி வாங்கி, அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"உன் மாமா அப்பவே சொன்னாருடா, கண்ணு ஒரு மாதிரி இருக்கு, டாக்டரைப் பாருன்னு" என்றாள். "இந்தப் படத்தைக் காட்டித்தான் அவரு வாயை அடைச்சேன்."