நாற்பது நிமிடம்

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், செக்கிங் டேபிளில் என் பக்கத்தில் உட்கார்ந்த யாரும் ஆறு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் இருபத்தாறு வருஷமாகத் தாக்குப்பிடிக்கிறார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

அப்பேர்ப்பட்ட நான், போன வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, அனுமன்தீர்த்தத்தில் தென்பெண்ணை ஆற்றுப் படியில் காலை ஏழு மணியிலிருந்து ஒரு ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். ஆள் வேறு யாருமில்லை, என் அண்ணன் சந்திரமோகன். நாங்கள் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் அம்மா பெரியம்மாள் பாப்பிரெட்டிப்பட்டியில் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். ஒருநாள் விடியக்காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் அப்படியே சரிந்துவிட்டாள். எனக்கு ஏழு மணிக்குப் போன் வந்தது. கட்டிய புடவையோடு ஓடிப்போய் பஸ் ஏறினேன். சேலம் தாண்டி மஞ்சவாடி கணவாயில் குச்சிக்கிழங்கு ஏற்றிவந்த லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. அங்கிருந்தே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"கணவாயில நிக்குதுண்ணா. எப்படியும் வந்துருவேன். அம்மா மூஞ்சிய நான் பாக்கணும்."

"சரி, வா பாப்பா" என்றான்.

நான் போய் இறங்கியபோது வாசலில் பந்தல் மட்டும் இருந்தது. சுடுகாட்டுப் பக்கம் புகை தெரிந்தது. தீ வைத்து நாற்பது நிமிடம் ஆகிறது என்று யாரோ சொன்னார்கள். அந்த நாற்பது நிமிடத்தை நான் இந்த ஒன்பது வருஷமும் இடுப்பில் முடிந்துகொண்டுதான் திரிந்தேன்.

அன்றைக்கு நான் அழவில்லை. அண்ணன் காட்டிலிருந்து தலைமுழுகித் திரும்பியதும், வாசலில் வைத்திருந்த விளக்குப் பக்கத்தில் ஒரு சூடத்தைக் கொளுத்தினேன். "இனி உன் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சா நான் எங்கம்மா பெரியம்மா வயித்துல பொறக்கல" என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். அந்தச் சூடு பட்ட இடத்தில் மிளகளவு தழும்பு இன்னும் இருக்கிறது. அடுத்த பஸ்ஸிலேயே திருப்பூர் போய்விட்டேன். அம்மாவின் சாம்பலை நான் இல்லாமலேயே இந்த அனுமன்தீர்த்தத்து ஆற்றில் கரைத்தார்கள்.

சூடம் அணைத்துச் சொன்ன சொல்லை நினைத்தபோது எடுத்துவிட முடியாது. எங்கள் வகையறாவில் அதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஆணை கழிப்பது என்போம். இரண்டு பேரும் அன்று விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்க வேண்டும். அனுமன்தீர்த்தத்து ஆற்றில் முழுகிவிட்டு, தீர்த்தமலைக்குப் போய் மலையேற வேண்டும். அங்கே பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் விழுகிற இடத்தில், யார் மேல் ஆணையிட்டோமோ அவர் கையில் தண்ணீர் பிடித்துத் தர, ஆணையிட்டவர் குடிக்க வேண்டும். குடித்தால் தீர்ந்தது. அதற்கப்புறம் செத்தாலும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் என்னைக் குடைந்தது. அவனிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. ஏன் எனக்காகக் காத்திருக்கவில்லை? தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் அதைக் கேட்டாக வேண்டும். குடித்துவிட்டால் கேள்வி என்னோடு காட்டுக்குத்தான் போகும்.

இத்தனைக்கும் காரணம் அண்ணன் மகள் யுவராணி. தர்மபுரியில் நர்ஸாக இருக்கிறாள். பெரியவர்கள் சண்டை அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒன்பது வருஷமும் என்னோடு போனில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு அதற்கடுத்த வாரம் கல்யாணம். "பந்தக்காலுக்கு நீங்க வந்து பால் ஊத்தலன்னா எனக்குக் கல்யாணமே வேணாங்க அத்தை" என்று அழுதாள். தண்ணீர்கூடக் குடிக்காத வீட்டுப் பந்தலில் நான் எந்த மூஞ்சியோடு நிற்பது? கடைசியில் அவளே இரண்டு பக்கமும் பேசி நாள் குறித்தாள். "வியாழக்கெழம காலையில தீர்த்தமலைக்கு வந்துருங்க. அப்பாவும் வந்துருவாரு" என்றாள். தீர்த்தமலை என்றால் எங்கள் ஆட்களுக்கு முதலில் ஆறுதான். அதை யாரும் தனியாகச் சொல்வதில்லை.

அதற்கு இந்த ஊரில் ஒரு கதை உண்டு. பூசைக்குக் காசியிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ராமர் அனுமனை அனுப்பினாராம். அவன் வர நேரமாகிவிட்டது. இவர் பொறுக்காமல் மலையில் அம்பு விட்டு ஊற்றைத் திறந்து பூசையை முடித்துவிட்டார். வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்த அனுமன், கொண்டுவந்த தண்ணீரைக் கோபத்தில் வீசியெறிய, அது விழுந்த இடம் இந்த ஆற்றங்கரை. எல்லாரும் முதலில் உன் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் என் மலைக்கு வர வேண்டும் என்று ராமர் அவனைச் சமாதானம் செய்தாராம். சின்ன வயதிலிருந்தே நான் இந்தக் கதையில் அனுமன் பக்கம். அவனுக்கும் எந்தக் கணவாயில் எந்த லாரி கவிழ்ந்ததோ, யார் கண்டது.

முதல் நாளே வந்து ஊத்தங்கரையில் நாத்தனார் வீட்டில் தங்கி, முதல் பஸ்ஸில் ஆற்றுக்கு வந்துவிட்டேன். வைகாசி ஆறு எப்படி இருக்கும்? மணலுக்கு நடுவே கெண்டைக்கால் அளவு தண்ணீர். படுத்துப் புரண்டால்தான் தலை நனையும். புரண்டேன். எழுந்தபோது, அம்மா இந்தத் தண்ணீரில்தானே போனாள் என்று நினைப்பு வந்துவிட்டது. பையிலிருந்த லிட்டர் பாட்டிலை எடுத்து, கலங்காத இடமாகப் பார்த்துப் பிடித்து மூடிவைத்தேன். திருப்பூர் வீட்டில் அம்மா படத்துக்குக் கீழே வைக்கலாம் என்றிருந்தேன். எனக்கு மிஞ்சிய அம்மா அவ்வளவுதான்.

அரூர்ப் பக்கமிருந்து எட்டு மணி பஸ் வந்தது. அவன் இறங்கவில்லை. ஒன்பது மணி பஸ் வந்தது. மொட்டையடித்த ஒரு குடும்பம் இறங்கியது. பத்து மணிக்கு யுவராணியைக் கூப்பிட்டேன்.

"அப்பா அஞ்சு மணிக்கே கெளம்பிட்டாருங்க அத்தை. செல்போனை வூட்டுலயே மறந்து வெச்சுட்டாரு. அங்கதாங்க இருப்பாரு, நல்லாப் பாருங்க."

"இங்க இருக்கற நாலு ஆளுல உங்கப்பன நான் எங்கடி நல்லாப் பாக்கறது? அஞ்சு மணிக்குக் கெளம்பினவன் அமெரிக்காவுக்குப் போயிருந்தாலும் பாதி வழி போயிருப்பான்!"

பாவம், கல்யாணப் பெண்ணிடம் கத்திவிட்டேன். அந்தக் கோபத்தில் எதிர்க் கடையில் போய் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். பாதி டம்ளர் உள்ளே போன பிறகுதான் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது ஞாபகம் வந்தது. கெட்டது கெட்டாச்சு என்று மீதியையும் குடித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு எனக்குத் தெரிந்துபோனது. வரமாட்டான். அன்றைக்கு வா பாப்பா என்று சொல்லிவிட்டு ஏமாற்றினான், இன்றைக்கும் அதையேதான் செய்கிறான். படியில் உட்கார்ந்து அழுதேன். மொட்டைக் குடும்பத்துக் குழந்தை நின்று வேடிக்கை பார்த்தது. அப்புறம் எழுந்து புடவையை உதறினேன். அவன் வராவிட்டால் என்ன, நான் மலையேறி, உன் சன்னதிக்கு வராமல் ஏமாற்றியவனை நீயே கேள் என்று சாமியிடமே சொல்லிவிட்டுப் போவது என்று முடிவு செய்தேன். திருப்பூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள் தீர்த்தமலை பஸ்ஸைப் பிடித்தேன்.

அடிவாரத்தில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. சாமியிடம் சொல்ல வேண்டியதை ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே ஏறினேன். பாதி வழியில் மர நிழலில் ஒரு அம்மா மோர் விற்றுக்கொண்டிருந்தார். ஜானகியம்மாள் என்று பானைக்குப் பக்கத்து அட்டையில் எழுதியிருந்தது.

"ஏம்மா, ஒரு மோர் குடிச்சுட்டு ஏறு. வெயில்ல விழுந்துடப் போற" என்றார்.

"வேணாங்க."

"இன்னிக்கு எல்லாரும் வேணாம்ங்கறீங்களே! காலையில எட்டு மணிக்கு ஒருத்தரு போனாரு. முட்டியில பெல்ட்டு போட்டுக்கிட்டு, உக்காந்து உக்காந்து ஏறனாரு. மேல தண்ணி உழற எடத்துலயே உக்காந்திருக்காராம். எம் மருமவ மேல பூ குடுக்கப் போனவ ஒரு டம்ளரு மோரு குடுத்திருக்கறா, அதையும் வேணாம்னுட்டாராம். தங்கச்சி வரணுமாம். சக்கரை வியாதிக்காரரு வேற. அந்தத் தங்கச்சி எந்த ஊரு மவராசியோ, இன்னும் வந்து சேரல."

அந்த மவராசி நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. மீதிப் படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது.

பாறையிலிருந்து தண்ணீர் கயிறு மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அதற்கு நாலு முழம் தள்ளி, சாரல்கூடப் படாத இடமாகப் பார்த்து அண்ணன் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. சட்டைக் காலரில் கழுத்து ஆடியது. ஒன்பது வருஷமாக நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த ஆள் இவனில்லை. அவன் நல்ல தாட்டியானவன்.

"வந்துட்டியா பாப்பா" என்று பாறையைப் பிடித்து எழுந்தான். உதடு வெடித்திருந்தது.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் முந்திக்கொண்டது.

"ஏழு மணியில இருந்து ஆத்துல கெடக்கறேன்! உனக்கு அறிவிருக்குதா? ஆத்துல முழுகாம நம்ம ஆளுங்க யாராச்சும் இந்த மலை ஏறியிருக்காங்களா? மொற தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அரூர்ல ஆத்துப் பக்கம் போற பஸ்ஸுலதான் ஏறி உக்காந்தேன். முடியல, எறங்கிட்டேன். அம்மாவ நீ இல்லாம அந்தத் தண்ணியிலதான் கரைச்சேன். அங்க உன் பக்கத்துல நின்னு எப்படி முழுகறது? அதான் நேரா இங்க வந்துட்டேன். நீ மொறப்படி முழுகிட்டு எப்படியும் மேல வருவன்னு உக்காந்திருந்தேன்."

அவன் தண்ணீருக்குக் கையை நீட்டினான். இதுதான் நேரம். இதை விட்டால் இல்லை.

"இரு. மொதல்ல எனக்குப் பதில் சொல்லு. அன்னிக்கு ஏண்ணா எனக்காகக் காத்திருக்கல?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். அவன் என்ன சொல்லுவான் என்று ஒன்பது வருஷமாக யோசித்து, ஒவ்வொன்றுக்கும் மறுபேச்சு தயாராக வைத்திருந்தேன். பாடி தாங்காது என்பான், நல்ல நேரம் என்பான், உன் போன் கிடைக்கவில்லை என்பான். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

"பெரியவங்க நாலு பேரு மழை வருது, எடுத்துரலாம்னாங்க" என்றான். "தங்கச்சி வரட்டும்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துது. அத்தன பேரு முன்னால சொல்ல எனக்குத் தைரியம் இல்ல பாப்பா. தலைய ஆட்டிட்டேன். அவ்வளவுதான். வேற காரணமே இல்ல."

"மழை வந்துதா?"

"வரல. ஒரு சொட்டு வரல."

இந்தப் பதில் மட்டும் என் கணக்கிலேயே இல்லை. கல்நெஞ்சன், வேண்டுமென்றே செய்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கல்நெஞ்சனாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவன் பயந்தாங்கொள்ளி. சின்ன வயதில் வாத்தியார் அடிப்பார் என்று என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன அதே பயந்தாங்கொள்ளி. எனக்கு அவன் மேல் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவனுக்குத் தாகமாக இருக்கிறதே என்பது அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"நீ முழுகல. முழுகாதவன் கையால நான் தண்ணி குடிக்க முடியாது. மொற மொறதான்" என்றேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது. "அப்ப ஆத்துக்குப் போயி முழுகிட்டுத் திரும்ப ஏறி வர்றேன்" என்று பெல்ட் போட்ட முட்டியோடு படியைப் பார்த்தான். போனாலும் போயிருப்பான்.

பையைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திருகும்போது கை ஒரு நொடி நின்றது. திறந்துவிட்டேன்.

"குனி."

"இது என்னா தண்ணி?"

"ஆத்துத் தண்ணி. அம்மா படத்துக்குக் கீழ வெக்கப் பிடிச்சுது. குனிண்ணா."

குனிந்தான். அந்த நரைத்த தலையில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் ஊற்றினேன். தோளெல்லாம் குலுங்கிக் குலுங்கி அழுதான். நானும் அழுதேன். பூசைத் தட்டோடு வந்த இரண்டு பேர் என்னவோ ஏதோ என்று ஒதுங்கி நின்றார்கள்.

"இன்னொண்ணு சொல்லணும்" என்றேன். "நான் கோவத்துல ஒரு டீ குடிச்சுட்டேன்."

நனைந்த முகத்தோடு என்னைப் பார்த்தான். "முழுசாவா?"

"முழுசா."

சிரித்துவிட்டான். "போவுது விடு. சாமிக்கு உன் கோவம் தெரியாதா?"

பாறையடியில் போய் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தான். தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகியது. என் கையை அவன் கைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன், அந்தத் தழும்புள்ள கையைத்தான். குனிந்து குடித்தேன். முறைக்கு ஒரு வாய் போதும். நான் மூன்று வாய் குடித்தேன். அப்புறம் நான் பிடித்துத் தந்தேன். காலையிலிருந்து தண்ணீருக்கு முன்னாலேயே காய்ந்துகிடந்தவன், வயிறு நிறையும் வரை குடித்தான்.

இறங்கும்போது அவன் ஒவ்வொரு படிக்கும் நின்றான். நான் வளைவுக்கு வளைவு முன்னால் போய், அவன் வரும் வரை நின்றேன்.

"நீ போ பாப்பா. பஸ்ஸு போயிரும்."

"போனாப் போவுது. நீ வா" என்றேன்.

இறங்க எவ்வளவு நேரம் ஆனது என்று யுவராணி அப்புறம் போனில் கேட்டாள். நான் மணி பார்க்கவில்லை.