பெயர் வராத பலகை

எட்டாம் வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு ஊமைக்கோட்டான் என்று பட்டம் கட்டியது பின்வரிசைக் கூட்டம். கணக்கு டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், கண்ணில் நீர் முட்டும், அப்படியே உட்கார்ந்துவிடுவாள். டீச்சருக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். "வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு?" என்பாள். வகுப்பே சிரிக்கும்.

பிறகு பள்ளிக்கு டிஜிட்டல் பலகை வந்தது. சுவரில் பெரிய திரை, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு டேப்லெட். அவரவர் இடத்திலிருந்து எழுதுவது மஞ்சள் சீட்டாகத் திரையில் போய் ஒட்டிக்கொள்ளும். டீச்சரின் நாத்தனாரே அங்கே கம்ப்யூட்டர் டீச்சர் என்பதால், அவளே வந்து எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தாள்.

"அண்ணி, யாரு எழுதினாங்கன்னு திரையில தெரியாது. பேரை மறைச்சுதான் வச்சிருக்கேன், அழிக்கல. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க."

"சரி சரி" என்றாள் டீச்சர். நாத்தனார் சொல்வதை முழுசாகக் காதில் வாங்கும் வழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

வகுப்புக்குப் போய் வாக்குக் கொடுத்தாள். "பேரு வராது. தப்பா எழுதினாலும் யாருக்கும் தெரியாது. என்னை நம்பி எழுதுங்க."

நம்பினார்கள். முதலில் கிறுக்கல், பொம்மை, 'பசிக்குது'. அப்புறம் மெல்ல மெல்ல உண்மை வர ஆரம்பித்தது. 'கடன் வாங்கிக் கழிக்கிறது எனக்கு இன்னும் வரல.' 'பின்னாடி யாராவது சிரிச்சா போட்ட கணக்கு மறந்துபோகுது.' டீச்சர் ஒவ்வொன்றையும் உரக்க வாசித்து, கோபப்படாமல் விளக்கினாள். எந்தச் சீட்டையும் அழிக்கவில்லை. குவிந்துகொண்டே போவதைப் பார்க்க அவளுக்கு அத்தனை பெருமை. ஊமைக்கோட்டான் இப்போதெல்லாம் தலை நிமிர்ந்து உட்காருகிறாள் என்பதையும் கவனித்தாள். அன்றைக்கெல்லாம் மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஒரு நாள் பள்ளித் தாளாளர் வகுப்பைப் பார்க்க வந்தார். பின்னாலேயே ஹெச்.எம்., குழைந்துகொண்டு. டீச்சர் மொத்தப் பலகையும் தெரியும்படி சுருக்கிக் காட்டினாள். தாளாளர் ஒரு சீட்டைக் கிட்டே போய் வாசித்தார். 'அரையைக் காலால வகுத்தா ரெண்டு வருது. வகுத்தா குறையணும்தானே, ஏன் கூடுது?'

"அடேயப்பா! யாரும்மா எழுதினது இது?"

பேர் வராது சார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஹெச்.எம். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்? நல்ல கேள்விதானே, அந்தப் பிள்ளைக்கும் பெருமைதானே என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. அந்த ஒரு சீட்டைத் தொட்டு, 'பெயரைக் காட்டு' என்பதை அழுத்தினாள்.

அது ஒரு சீட்டுக்கான பொத்தான் இல்லை. பலகை முழுக்கப் பெயர்கள் முளைத்தன.

அரை, கால் கேள்விக்குக் கீழே ஊமைக்கோட்டானின் நிஜப் பெயர். கடன் வாங்கிக் கழிக்க வராததற்குக் கீழேயும் அதே பெயர். பின்னால் சிரித்தால் மறந்துபோவதற்குக் கீழேயும் அதுவே. பாதிப் பலகை அவளுடையது.

"கழிக்கவே தெரியாதாம்டா!" என்றது பின்வரிசை. சிரிப்பு வெடித்தது. பாராட்டுகிறார்கள் என்று நினைத்துத் தாளாளர் கைதட்டினார். அந்தப் பெண் பின்னால் திரும்பவே இல்லை. டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓய்வறையில் நாத்தனாரிடம் பாய்ந்தாள் டீச்சர். "மொத்தத்துக்கும் காட்டும்னு நீ ஏன் சொல்லல?"

"ஒண்ணை மட்டும் காட்டியிருந்தா பரவாயில்லையா, அண்ணி?"

டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது. வெட்கத்தில் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போனாள். வாசலில் ஹெச்.எம். மறித்தார். "தாளாளருக்கு ரொம்பத் திருப்தி. மத்த டீச்சர்ஸுக்கெல்லாம் இதை நீங்கதான் சொல்லித் தரணும்." அவளும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் பெயர்களை மறைத்தாள். வகுப்பின் முன்னால் நின்று, "நேத்து நடந்தது என் தப்பு. இனிமே பேரு வராது. சந்தேகம் இருந்தா எழுதுங்க" என்றாள்.

சீட்டுகள் மளமளவென்று வந்தன. 'எல்லாம் புரிந்தது.' 'சந்தேகம் இல்லை டீச்சர்.' 'எல்லாம் புரிந்தது.' ஒன்றிலாவது ஒரு பொம்மை இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

எல்லாம் வந்து முடிந்த பிறகு, கடைசியாக ஒரு மஞ்சள் சீட்டு வந்து ஒட்டியது. அதில் கேள்வி இல்லை. டீச்சர் மறைத்து வைத்திருந்த பெயரை, அந்தப் பெண் தன் கையாலேயே முழுசாக எழுதி அனுப்பியிருந்தாள்.