இரண்டாவது கோடு

மூன்றாம் மாதத்திலேயே இசக்கிசெல்வியின் வயிறு ஐந்து மாதம் போலத் தெரிந்தது. வடக்குப்பட்டில் அவர்களுக்கு மாடியறை வாடகைக்கு விட்டிருந்த சுந்தராம்பாள், "ரெட்டப் புள்ளதான் கீது, வேணா பாரு" என்றாள். கம்பெனியில் அவள் புருஷன் மாரிராஜோடு ஒரே லைனில் நிற்கும் தாவீது, "டே ஷிப்டுக்கு ஒண்ணு, நைட் ஷிப்டுக்கு ஒண்ணாக்கும், என்னல?" என்றான். மாரிராஜ் சிரித்துக்கொண்டான்.

காஞ்சிபுரத்தில் ஸ்கேன் எடுத்தபோது உள்ளே ஒரு பிள்ளைகூட இல்லை. கரு கூடாமல், நஞ்சுக்கொடிச் சதை மட்டும் திராட்சைக் கொத்துப் போலப் பெருகியிருந்தது. அது சுரக்கிற ஹார்மோனில்தான் வாந்தியும் வந்தது, கர்ப்பப்பையும் வளர்ந்தது என்றார் டாக்டரம்மா. சுத்தம் செய்து அனுப்பும்போது மாரிராஜை மட்டும் தனியே நிறுத்தினார்.

"கர்ப்பப்பை தானா சுருங்கிடும். ஆனா அந்த ஹார்மோன் குறைஞ்சுகிட்டே வரணும். மறுபடி ஏறிச்சுன்னா, சதை இன்னும் உள்ள வளருதுன்னு அர்த்தம். புத்துநோயா மாறலாம். உடனே கூட்டிட்டு வாங்க."

அவளிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. சொல்லவில்லை.

இரண்டாவது வாரம், நைட் ஷிப்ட் முடிந்து வந்தவனிடம் அவள் ஒரு கார்டை நீட்டினாள். கர்ப்பம் பார்க்கிற கார்டு. இரண்டு கோடு.

"ஒண்ணுதான் போயிருக்கு. இன்னொண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு."

"அது பழைய ஹார்மோன்டி. போகப்போகப் போயிரும்னு டாக்டரம்மா சொன்னாவ."

"சுமக்கது நானா, அவுகளா?"

அவன் சட்டையைக் கழற்றினான்.

வாராவாரம் கார்டு வாங்கினாள். இரண்டாவது கோடு வெளுத்துக்கொண்டே வந்தது. அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவன் தோளுக்குப் பின்னால் நின்று, அது இன்னும் வெளுக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வான். ஏழாவது வாரம் கோடே இல்லை. அன்று முழுக்க அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தான் கேட்டது கிடைத்துவிட்டதே என்று அவனால் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்ன முடியவில்லை.

ஒன்பதாவது வாரம் அவன் வரும்போது அவள் தலை வாரிப் பூ வைத்து வாசலில் நின்றாள்.

"பாருங்க. இனி என்ன சொல்லுவிய?"

பேனாவால் இழுத்தாற்போல இருந்தது இரண்டாவது கோடு. அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் சிரித்து அவன் பார்க்கவில்லை.

அவன் கார்டை அவளிடமே திருப்பிக் கொடுத்து, "கெளம்பு. காஞ்சிபுரம் போயிட்டு வந்துருவோம்" என்றான்.

"நானே சொல்லணும்னு இருந்தேன். டாக்டரம்மா கண்ணால பாக்கட்டும்."

கார்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். சுவரைப் பிடித்தபடி, பிள்ளைத்தாய்ச்சி நிதானத்தில், ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவன் பின்னாலேயே இறங்கினான்.