சின்னராசு டிவியில் வந்த சனிக்கிழமை

மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு ஏற்றுகிற அத்தனை பேரில் டிவிக்காரர்கள் நிறுத்திப் பேட்டி எடுத்தது ஒரே ஒருவரை. அது சின்னராசு. இதைப் பார்த்தது யார் என்று கேட்டால், அதுவும் சின்னராசுதான்.

கரும்பில் வருகிற செவ்வழுகல் நோய் பற்றி இரண்டு நிமிஷம் பேசினாராம். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு விவசாய நிகழ்ச்சியில் காட்டுவார்களாம். தெருவில் ஒருவரும் வாய்விட்டு இல்லை என்று சொல்லவில்லை. எதிர் வீட்டு ராஜாம்பாள் மட்டும் சொன்னாள்.

"பொண்டாட்டியாண்டயே ரெண்டு வார்த்த சேந்தாப்ல பேசமாட்டான். இவன் டிவில பேசினானாம்!"

அதில் ரோஷம் வந்துதான் சின்னராசு கள்ளக்குறிச்சிக்குப் போய் உமர் பாரூக் கடையில் கறுப்பு வெள்ளை டிவி ஒன்று வாங்கி வந்தார். ஆண்டனா மாட்ட சனிக்கிழமை காலையில் ஆள் வருவார் என்றார் உமர் பாரூக். அது எண்பத்தேழு புரட்டாசி. வியாழக்கிழமையே இடஒதுக்கீடு கேட்டு மறியல் ஆரம்பித்துவிட்டது. ரோடெல்லாம் வெட்டிப்போட்ட புளியமரம் குறுக்கே கிடந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை. ஆண்டனாக்காரர் மட்டும் எப்படி வருவார்? ஆறரைக்குள் படம் வராவிட்டால் ஆயுசுக்கும் தாம் புளுகன்தான் என்பது சின்னராசுவுக்குத் தெரியும். தாமே மாட்டுவதென்று முடிவு செய்தார்.

முதலில் பூஜை. புது டிராக்டருக்குச் செய்ததை எல்லாம் டிவிக்கும் செய்தார்கள். கண்ணாடியின் நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம், நடுவில் பெரிதாக ஒன்று. டயருக்கு அடியில் வைக்கிற எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்பதில்தான் புருஷனும் பெண்டாட்டியும் கொஞ்ச நேரம் திகைத்து நின்றார்கள். கடைசியில் பெட்டியின் முன்னங்கால் இரண்டுக்கும் அடியில் வைத்து நசுக்கினார்கள். டிவி மல்லாக்கச் சாய்ந்துகொண்டது.

அடுத்து ஆண்டனா. அலுமினியக் கம்பிகளைப் பெரிசு, சின்னது என்று வரிசையாகக் கோத்ததில் நாலு நட்டு மிஞ்சியது. ஜாஸ்தியாகக் கொடுத்துவிட்டார்கள் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் சின்னராசு. மூங்கிலில் கட்டி மாடியில் ஏற்றி, கல்வராயன் மலையைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். மனைவி அம்சவள்ளி வாசலில் நின்று, உள்ளே தெரிவதை மேலே சொன்னாள்.

"இன்னா தெரியுது?"

"கொசுவா பறக்குதுங்க!"

ராஜாம்பாள் அதற்குள் நடுக்கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "இன்னாத்துக்குடா மலையப் பாத்து வெச்சிக்கினு கீற?"

"மழ, காத்து எல்லாம் அங்கேர்ந்துதான அத்த வருது?"

"படம் பட்டணத்துலேர்ந்துடா வருது! மலைல சாமைதான் வெளையும், டிவியா வெளையும்?"

திருப்பினார். கொசு குறைந்தது. கையை எடுத்தார், மறுபடி மொய்த்தது. பிடித்தார், படம் வந்தது. மூங்கிலைக் கட்டிப்பிடித்து நின்றால்தான் வரும் என்பது ஆறு இருபத்தெட்டுக்கு உறுதியாயிற்று. அம்சவள்ளி ஓடிப்போய் கண்ணாடியின் நடுப்பொட்டை முந்தானையால் துடைத்தாள். சந்தனம் முழுக்கப் பரவி, படம் பூராவும் பனிமூட்டம் போட்டதுபோல் ஆனது.

"ஏங்க, ஆரம்பிச்சிட்டாங்க! கைய எடுத்துடாதீங்க!"

அந்த நேரம் பார்த்துத்தான், ஜீப் வர வழியில்லாமல் ரோந்துக்கு நடந்தே வந்த ஏட்டு ஒருவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். மாடியில் ஓர் ஆள், கையில் நெட்டைக் கழி.

"யோவ்! இன்னா கொடி ஏத்துற? எறங்குயா கீழ!"

"கொடி இல்லீங்கய்யா, ஆண்டனா! நான் டிவில வந்துகினு கீறேங்க!"

"மாடில நின்னுகினு டிவில வர்றியா? குடிச்சிருக்கியா?"

"உள்ள போயி பாருங்கய்யா! நான் உள்ளதான் இருக்கேன்!"

ஏட்டுக்குத் தலை சுற்றியது. விசாரிக்கலாம் என்று உள்ளே போனவர் வெளியே வரவில்லை. மூங்கிலைக் கட்டிக்கொண்டு சின்னராசு காதைத் தீட்டிப் பார்த்தார். ஏதோ குரல் கேட்டது, தம்முடையதா என்று தெரியவில்லை. தம் குரலை அதுவரை அவர் வெளியிலிருந்து கேட்டதே இல்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் விழுந்தடித்து இறங்கி வந்தார்.

"எப்டி இருந்தேன்?"

"நல்லா பேசினய்யா," என்றார் ஏட்டு. "மாட்டுக்குக் கோமாரி வந்தா இன்னா பண்றதுன்னு தெளிவா சொன்ன."

"மாடா? நான் கரும்பத்தானய்யா சொன்னேன்!"

"கரும்புதாங்க," என்றாள் அம்சவள்ளி. "கட்டுன புருஷன எனக்குத் தெரியாதா? அந்தக் கோடு போட்ட சட்டைல எவ்ளோ எடுப்பா இருந்தீங்க!"

சின்னராசுவிடம் கோடு போட்ட சட்டையே கிடையாது. பேட்டியன்று போட்டிருந்தது வெள்ளையா, வேறு யாருடைய சட்டையையாவது மாட்டிக்கொண்டு போனோமா? யோசிக்க யோசிக்க ஒன்றும் பிடிபடவில்லை. கடைசி நம்பிக்கையாக ராஜாம்பாளைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல அவளைவிட்டால் ஆள் ஏது?

ராஜாம்பாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீதாண்டா. நான்கூட நம்பல. கோடு போட்ட சட்ட, அதே திருட்டு முழி. நீயேதான்."

தெருவே ஒத்துக்கொண்டுவிட்டது. ஜெயித்தவர் முகத்தில் மட்டும் சந்தோஷத்தைக் காணோம்.

ரோட்டில் கிடந்த மரங்களை அப்புறப்படுத்தி, ஒரு வாரம் கழித்து முதல் பஸ் விட்டார்கள். அதில் ஏறி சின்னராசு சின்னசேலம் போனார். இன்ன வேலை என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கோடு போட்ட சட்டையில் இருந்தார்.

"டிவில பாத்தது இதேதான்," என்றாள் ராஜாம்பாள்.

சின்னராசு சட்டையைக் குனிந்து ஒருமுறை பார்த்தார். "ஆமா அத்த," என்றார்.