கழுவின திராட்சையும் கழுவாத பையும்

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுநாளே அவர் சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் அங்கே நின்றவளுக்கு இப்போது கை கழுவவும் கணவரின் தயவு வேண்டியிருந்தது.

காய்கறி கழுவ அவரே ஒரு கரைசல் கண்டுபிடித்திருந்தார். கிண்ணத்தில் வினிகரை ஊற்றிச் சமையல் சோடாவைக் கொட்டுவார். புஸ்ஸென்று நுரைத்ததும், "பாத்தியா, விஷம் எப்படித் துடிக்குதுன்னு!" என்பார். காய் இன்னும் கூடையிலேயே கிடக்கும். இந்த அழகில் இவர் மேலாளர் வேறு, அந்த வங்கி எப்படித்தான் பிழைத்ததோ!

அரை மணி ஊறவைத்து, மூன்று தண்ணீரில் அலசி, திராட்சையை ஒவ்வொன்றாகத் துடைப்பார். அப்புறம் எல்லாவற்றையும், சந்தையிலிருந்து கொண்டுவந்த அதே அழுக்குத் துணிப்பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைப்பார். குளித்த யானை தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

முதல் நாளே அவள் பார்த்துவிட்டாள். ஆறு மாதமாக வாயே திறக்கவில்லை. தனியாகச் சொன்னால் "உனக்கென்ன தெரியும்" என்பார். நாலு பேர் முன்னால் மூக்கறுபட்டால்தான் தொட்டியை விடுவார். அதுவரை தன் பங்கை மட்டும் குளியலறைக் குழாயில் கழுவித் தின்றாள்.

பேத்தியை ஒரு வாரம் இவர்களிடம் விட்டிருந்தார்கள். குழந்தைக்கு மூன்று நாளாக வயிறு சரியில்லை. அழைத்துப்போக மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அவர் விடுவாரா? மாப்பிள்ளையை நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தார். நுரை பொங்கியது, விஷம் துடித்தது. திராட்சை பைக்குள் விழுந்தது.

"ஏங்க, அந்தப் பையை எப்பத் துவைச்சீங்க?"

அவர் கை பைக்குள்ளேயே நின்றது. மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். பையின் அடியில் உருளைக்கிழங்கு மண்ணும் வெங்காயச் சருகும் கிடந்தன. மாமனார் முகம் செத்துப்போயிற்று. அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"ஆறு மாசமா இந்தக் கூத்துதான். நான் என் பங்கைத் தனியா கழுவித்தான் சாப்பிடுறேன்" என்றாள், எல்லாரும் கேட்கும்படி.

மகள் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பாப்பாவுக்கு இதுலேர்ந்துதானேம்மா எடுத்துக் குடுத்தே?"

கணவர் தொட்டியை விட்டு விலகி நின்றார். அவள் போய்க் குழாயைத் திறந்தாள். வெளியே மகளின் கார் கிளம்பியது. சொல்லிக்கொள்ள யாரும் உள்ளே வரவில்லை.