பத்தடியில் நின்ற துளை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு வரி போட்டுத் தாளித்துவிடுவேன் என்று ஒரு தலைவர் மிரட்டினார். மூன்றாம் நாளே ஒரு பெரிய கம்பெனி, இங்கேயே தொழிற்சாலை கட்டுகிறோம், ஐயாயிரம் பேருக்கு வேலை என்று அறிவித்தது. மாட்டேன் என்றால் தலைவருக்குக் கோபம், கட்டினால் பங்குதாரருக்குக் கோபம். கட்டுவேன் என்று சொன்னால் யாருக்கும் கோபமில்லை. நக்கலாக ஒரு கதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

"அந்தப் பொட்டலில் தலைவர் மண்வெட்டியைத் தூக்கியபோது, காமிராக்கள்..."

[விட்டுவிட்டேன். மண்வெட்டி பிடித்த தலைவரை எல்லோரும் எழுதியாயிற்று. படத்தில் விழாமல் தள்ளி நிற்கச் சொல்லி ஓர் ஆளை ஒதுக்கியிருப்பார்களே, அந்த ஆள் யார்?]

2.

அவர் மண் பரிசோதனைக்காரர். கட்டடம் எழும்பும் முன் நிலத்தில் துளை போட்டு, மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்பவர். கூட வேலை செய்கிறவர்களுக்கு 'மண்புழு'. முப்பது வருடத்தில் அவர் கற்றுக்கொண்டது: கம்பெனி பேசுவதைக் கேட்காதே, எத்தனை அடி தோண்டச் சொல்கிறது என்று பார். கனமான இயந்திரம் வைக்கிறவன் அறுபதடி போகச் சொல்வான். இங்கே காகிதத்தில் இருந்ததும் அதுதான்: பன்னிரண்டு துளை, அறுபதடி. முதல் துளை போட்டுக்கொண்டிருக்கும்போதே படம் எடுத்து முடிந்துவிட்டது. கம்பெனி அதிகாரி வந்தார்.

"பத்தடி போதும். மெஷினை ஏத்திக்கிட்டுக் கிளம்புங்க."

"சார், மீதிப் பதினோரு துளை?"

"சொல்லி அனுப்புறோம்."

நாலு மாதம் ஆகிறது. சொல்லி அனுப்பவில்லை.

3.

இதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். அவருக்கு ஒரு தங்கையைக் கொடுத்துத் தொலைத்தேன். பள்ளிக்கூடச் சமையலறையில் பதினாறு வருட நிரந்தர வேலை அவளுக்கு. அந்தப் பொட்டலுக்கு எதிரே ஒரு கூடத்தைக் குத்தகைக்கு எடுத்து, தொழிலாளர்களுக்குச் சாப்பாடு போடப்போகிறாளாம். ராஜினாமாக் கடிதம் தயார். திங்கள் காலை கொடுக்க வேண்டும். ஞாயிறு மதியம் அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, நீதானே அங்க மண்ணு பார்த்தே. வருமா, வராதா? மழுப்பாம சொல்லு."

'வராது' என்ற சொல்லை அவர் வாயில் வைத்தேன். ஆள் வாயைத் திறக்க மறுத்துவிட்டார்.

4.

காரணம் எனக்கே பிறகுதான் தெரிந்தது. [எழுதுகிறவனிடம் எல்லாவற்றையும் யார் சொல்கிறார்கள்?] ஏழு வருடம் முன்பு, வேறொரு நிலம். ஆழமில்லாத துளையைப் பார்த்துவிட்டு, "வெறும் படம், மாப்பிள்ளை. அந்த வேலைக்கு மனுப் போடாதீங்க" என்று தங்கை புருஷனிடம் அடித்துச் சொன்னார். அவரும் போடவில்லை. மறுவருடம் வேறு ஆளை வைத்துத் தோண்டி, தொழிற்சாலை எழும்பியேவிட்டது. மாப்பிள்ளை இன்றைக்கும் வீடுவீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறார். மச்சானிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சூடுபட்ட பூனை, பாவம், எப்படி வாய் திறக்கும்?

5.

முடிவு ஒன்று: வராது என்கிறார். அவள் கடிதத்தைக் கிழிக்கிறாள். தொழிற்சாலை வந்துவிடுகிறது.

முடிவு இரண்டு: பேசாமல் இருந்துவிடுகிறார். அவள் வேலையை விடுகிறாள். பொட்டல் பொட்டலாகவே...

இரண்டையும் அடித்துவிட்டேன். இரண்டிலும் கம்பெனிதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் அறிவிப்பை நம்பாத நான், என் கதையை முடிக்க அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்! வெட்கமாக இருந்தது. பேனாவைக் கீழே வைத்தேன். அப்போதுதான் அவர் பேசினார்.

"பன்னிரண்டு துளைன்னாங்க. ஒண்ணுதான் போட்டேன், அதுவும் பத்தடி. நாலு மாசமா கூப்பிடலை. வெளியில சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வேற வாங்கியிருக்காங்க. போன தடவை நான் நினைச்சதைச் சொன்னேன்மா. இந்தத் தடவை பார்த்ததைச் சொல்றேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

தங்கை ராஜினாமாக் கடிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி. நீயா இருந்தா என்ன செய்வே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் உங்களைப் பார்க்கிறேன். திங்கள் காலைக்குள் அவளுக்கு ஏதாவது சொல்லுங்கள். ஆனால் யோசித்துச் சொல்லுங்கள். தப்பாகப் போனால் அவள் தலைவரையும் கேட்க முடியாது, கம்பெனியையும் கேட்க முடியாது. உங்களைத்தான் வந்து கேட்பாள்.